வக்கீலும் சட்டசபையும்: மதுரை வைத்தியநாத ஐயர்

சட்டம் படித்தவர்கள் சட்டசபைக்குச் செல்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. சேலத்தில் வக்கீலாக இருந்த இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். பாரிஸ்டர் பிரகாசம் பின்னர் அதே பதவியில் அமர்ந்தார். காந்தியடிகள், மோதிலால் நேரு, வல்லபாய் பட்டேல், அம்பேத்கர் ஆகியோரும் சட்டம் பயின்றவர்களே. கல்லூரியில் சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர், பொது வாழ்விலே புகவும் அதுவே ஏற்ற வாயில் என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால், சட்டம் அறிந்த ஒருவர் அதனாலேயே நல்ல சட்டசபை அங்கத்தினராகி விடுகிறாரா? வக்கீல் தொழில் அவருக்குக் கொடுப்பது என்ன? கொடுக்க முடியாதது என்ன? இவ்வினாக்களுக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மதுரை வக்கீலும், 1946-ஆம் ஆண்டில் மேலூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான அ. வைத்தியநாத ஐயரே அவர்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். நீதிமன்றத்தில் நிற்கும் வக்கீல், 'சட்டம் என்ன சொல்லுகிறது?' என்று கேட்கிறார். சட்டசபையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர், 'சட்டம் என்ன சொல்ல வேண்டும்?' என்று கேட்கிறார். முன்னவருக்கு நேற்றைய ஏடுகள் துணை. பின்னவருக்கு நாளைய மக்கள் எசமானர்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை நம் மதுரைச் சீமையிலேயே எழுந்த ஒரு வழக்குக் காட்டும்.

கமுதி என்ற ஊர் இன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கும் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் ஒன்று உண்டு. 1897-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் அக்கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை தர்மகர்த்தாவான இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடர்ந்தார். மதுரைச் சார்பு நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி, வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கௌன்சில் வரை சென்றது. 1908-இல் அந்த உச்ச மன்றமும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நெடுங்காலப் பழக்கம் அவர்களைக் கோயிலுக்குள் அனுமதிக்கவில்லை, பழக்கமே சட்டம், ஆகவே அவர்களுக்கு உரிமையில்லை. இதுவே தீர்ப்பின் சாரம்.

நீதிபதிகளைக் குறை கூறுவது எளிது. எனினும் அவர்கள் தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொன்னார்கள். 'பழக்கம் என்ன?' என்பது கேள்வி. 'அந்தப் பழக்கம் நியாயமானதா?' என்று கேட்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. பதினோரு ஆண்டுகள் வழக்காடி, கடல் கடந்து சென்று, பெரும்பொருள் செலவிட்டபின் அம்மக்கள் கற்ற பாடம் இது: சில கதவுகள் நீதிமன்றத்தின் சாவியால் திறக்கப்பட மாட்டா.

நாடார்களின் நிலையே இதுவானால், அவர்களினும் கீழே தள்ளப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? நான் கப்பலூரைச் சேர்ந்தவன். மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பரங்குன்றத்தையும் திருநகரையும் கடந்தபின் வரும் ஊர் அது. இன்று அங்கே ஆலைகளும் தொழிற்பேட்டையும் உள்ளன. அன்று புன்செய்க் காடுகளே மிகுதி. அத்தகைய சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு மக்கள் கால்நடையாகவும் வண்டி கட்டிக்கொண்டும் மதுரைக்கு வருவார்கள். கோபுரம் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வாசலோடு சிலருடைய யாத்திரை முடிந்துவிடும். மழை பெய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் உழவுத் தொழிலாளி, அந்த வேண்டுதலை வெளி வீதியில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற பழமொழி, உள்ளே போக முடிந்தவனுக்கு ஆறுதல். போக முடியாதவனுக்கு அதுவே எல்லை.

இந்த எல்லையை அழிக்க முற்பட்டவர்தாம் வைத்தியநாத ஐயர். 1890-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தவர். மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். பின்னர்ச் சட்டம் படித்து மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார். வைதிகக் குடும்பத்தில் தோன்றிய அவருக்கு, தொழிலை மட்டும் கவனித்துக்கொண்டு சௌக்கியமாக வாழ எல்லா வசதியும் இருந்தது. அவரோ காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தடையை மீறிப் பேசியதற்காகப் புளிய மிளாறுகளால் அடிக்கப்பட்டுச் சிறை சென்றார். அவர் மனைவி அகிலாண்டம்மாளும் சிறை புகுந்த தேசத் தொண்டரே. ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக அவர் சேரிகளுக்குச் சென்று தொண்டு செய்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்களைத் தம் வீட்டில் வரவேற்று, தம் பிள்ளைகளைப் போலப் பேணினார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியைச் சேர்ந்த இளைஞர் கக்கன், அவரைத் தந்தை முறையாகவே கருதினார்.

இனி, சென்னையில் நடந்ததைப் பார்ப்போம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டப்படி தேர்தல் நடந்து, 1937 ஜூலையில் இராஜாஜியின் மந்திரிசபை பதவி ஏற்றது. அதற்கு முந்திய ஆண்டில், 1936 நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர் மகாராஜா தம் அரசுக்கு உட்பட்ட கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டுப் பிரகடனம் செய்திருந்தார். அது மன்னரின் கையொப்பத்தால் நடந்தது. மாகாணச் சட்டசபையிலோ மசோதா கொண்டுவர வேண்டும்; வாதிட வேண்டும்; வாக்கெடுக்க வேண்டும்; கவர்னரின் சம்மதம் பெற வேண்டும்.

தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரான எம். சி. ராஜா 1938-இல் கொண்டுவந்த மசோதா ஒன்று சட்டமாயிற்று. பொதுக் கிணறு, பொதுச் சாலை, பொது வாகனம் முதலியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்று அது விதித்தது. ஆனால் ஆலயப் பிரவேசத்துக்காக அவர் கொண்டுவந்த மற்றொரு மசோதாவை இராஜாஜி ஏற்கவில்லை. மக்கள் மனத்தைப் பக்குவப்படுத்திப் பகுதி பகுதியாகச் செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. அதன்படி மலபார் மாவட்டத்துக்கு மட்டும் 1938-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காத்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றமே. நூற்றாண்டுக் கணக்கில் வாசலில் நின்றவனிடம், 'இன்னும் சற்றுப் பொறு' என்று சொல்வது எளிதான காரியமா? ராஜாவின் அவசரத்திலும் நியாயம் இருந்தது. இராஜாஜியின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. சட்டசபை என்பது இவ்வாறு இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதும் இடம் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

சென்னையில் சொல்லப்பட்ட மக்கள் மனத்தை மதுரையிலே பக்குவப்படுத்தும் பொறுப்பை வைத்தியநாத ஐயர் ஏற்றார். கூட்டங்கள் நடந்தன, பிரசாரம் நடந்தது, கோயில் நிர்வாகத்தாருடன் கலந்து பேசப்பட்டது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் காலையில் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். உடன் சென்றவர்கள் ல. ந. கோபாலசாமியும், கக்கன், ஆலம்பட்டி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, விராட்டிபத்து பூவலிங்கம், முத்து ஆகிய ஆதிதிராவிட அன்பர்களும், விருதுநகர் சண்முக நாடாரும் ஆவர். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார்.

இப்பெயர்களைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். ஆலம்பட்டி, எங்கள் கப்பலூருக்குத் தெற்கே திருமங்கலத்தை அடுத்த சிற்றூர். அவ்வூரிலிருந்து ஒருவர் அன்று வெளி வீதியைக் கடந்து உள்ளே சென்றார். சண்முக நாடாரோ, கமுதி வழக்கில் தோற்ற சமூகத்தைச் சேர்ந்தவர். 1897-இல் கமுதி மீனாட்சியின் சந்நிதியில் மறுக்கப்பட்டது, 42 ஆண்டுகளுக்குப் பின் மதுரை மீனாட்சியின் சந்நிதியில் கிடைத்தது.

ஆனால் அந்தப் பிரவேசத்துக்கு அன்று சட்டத்தின் பாதுகாப்பு இருந்ததா? இல்லை. பிரிவி கௌன்சிலின் தீர்ப்பு உயிரோடிருந்தது. அழைத்துச் சென்றவர் மீதும், உள்ளே சென்றவர் மீதும், அனுமதித்த அதிகாரி மீதும் வழக்குத் தொடரலாம். ஒரு சாதாரணத் தொண்டருக்கு இந்த ஆபத்து மங்கலாகத் தெரிந்திருக்கலாம். வக்கீலுக்கு அது பிரிவு பிரிவாகத் தெரியும். தெரிந்தும் அவர் சென்றார் என்பதே அவருடைய பெருமை. அறியாமையால் வரும் துணிவினும், அறிந்து வரும் துணிவு அரியது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. சனாதனிகள் நடேச ஐயர் தலைமையில் திரண்டனர். பட்டர்களிற் சிலர் பூசை செய்ய மறுத்தனர், கோயில் பூட்டப்பட்டது, நிர்வாக அதிகாரி அதைத் திறக்கச் செய்தார். எதிர்த்தவர்கள் தமிழ்ச் சங்கம் சாலையில் தனியே மீனாட்சிக்கு வழிபாடு நடத்தலாயினர். நீதிமன்றத்தையும் நாடினர். சொந்தச் சமூகத்தாரின் புறக்கணிப்பையும் ஐயர் குடும்பம் தாங்க வேண்டியிருந்தது.

இங்கேதான் சட்டசபை தன் கடமையைச் செய்தது. இராஜாஜியின் அரசாங்கம் கவர்னர் மூலம் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் அதையே மசோதாவாக்கி 1939-ஆம் ஆண்டின் 22-ஆவது சட்டமாக நிறைவேற்றியது. ஆலயப் பிரவேச அனுமதி, பொறுப்பு விலக்குச் சட்டம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பொறுப்பு விலக்கு என்றால் என்ன? இச்சீர்திருத்தத்துக்காக நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டவர்கள் மீது தொடர்ந்த வழக்குகள் செல்லா என்று சட்டமே கேடயம் கொடுப்பது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னால் வந்து காப்பளிக்கும் சட்டம் முறையா என்று அன்று எதிர்த்தரப்பார் வினவினர். அது அலட்சியப்படுத்தத் தக்க வினாவன்று. சட்டம் முன்னே செல்ல வேண்டும், செயல் பின்னே வர வேண்டும் என்பதே பொது நெறி. ஆனால் பிறரைக் காயப்படுத்தாமல், பிறர் பொருளைக் கவராமல், இறைவனைத் தொழச் சென்றவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா, சட்டத்தைத் திருத்துவதா என்ற நிலை வந்தபோது, சட்டசபை திருத்துவதையே தேர்ந்தது. என் சிற்றறிவுக்கு அது சரியென்றே தோன்றுகிறது.

இந்தச் சட்டத்தின் வாசகத்தை வக்கீலின் கண்கொண்டு பார்த்தால் ஒரு குறை புலப்படும். கோயிலுக்கு வழிபட வருவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தர்மகர்த்தா கருதினால், அரசாங்கத்தின் ஒப்புதலுடன் கோயிலைத் திறந்துவிடலாம் என்பது 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு. 'திறந்துவிடலாம்' என்பதில் உள்ள 'லாம்' என்ற விகுதியைக் கவனியுங்கள். அது தர்மகர்த்தாவின் விருப்பத்துக்கு இடம் கொடுக்கிறது; வாசலில் நிற்பவனுக்கு உரிமை கொடுக்கவில்லை.

1939 அக்டோபரில், இந்தியரைக் கலக்காமலே இந்தியாவை உலகப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. போர் முடிந்தபின் 1946-இல் மீண்டும் தேர்தல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மனைத் தரிசித்தார். எல்லோருக்கும் திறவாத கோயிலுக்குள் தாமும் செல்வதில்லை என்றிருந்தவர், கதவு திறந்தபின் உள்ளே சென்றார். அத்தேர்தலில்தான் வைத்தியநாத ஐயர் மேலூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுச் சட்டசபையில் அமர்ந்தார். 215 அங்கத்தினர்கள் கொண்ட அந்தச் சபை, இன்றுள்ளதுபோல வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்ததன்று. வரி, சொத்து, கல்வி முதலிய தகுதி உடையவர்களே வாக்காளர்கள்.

அவர் அங்கத்தினராக இருந்த சபை இயற்றிய சட்டங்களைப் பாருங்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டம் 1947-இல் வந்தது. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறையைக் கொணர்ந்த சட்டம் 1948-இல் வந்தது. நம் பொருளுக்கு நேரே உரியது 1947-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமாகிய ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். பழக்கமோ வழக்கமோ வேறு சட்டமோ எவ்வாறிருப்பினும், விலக்கப்பட்ட வகுப்பினர் எந்த இந்துக் கோயிலிலும் மற்ற இந்துக்களைப் போலவே நுழையவும் வழிபடவும் உரிமை உடையவர் என்று அது கூறியது. தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 'லாம்' போய், 'உரிமை உண்டு' வந்தது. இரண்டு சொற்களின் மாற்றம்தான். ஆனால் தர்மகர்த்தாவின் கையிலிருந்த சாவி, வாசலில் நின்றவன் கைக்கு மாறிவிட்டது. ஒரு சொல் எத்தனை மக்களைத் தாங்கும், அல்லது வீழ்த்தும் என்பதை அறிவதற்கே சட்டசபைக்குச் சட்டப் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, 17-ஆவது பிரிவில் தீண்டாமையை அடியோடு ஒழித்தது. தென்கன்னடத்து மூல்கிக் கோயிலைப் பற்றிய வழக்கில், 1957-இல் உச்சநீதிமன்றம் இந்த ஆலயப் பிரவேசச் சட்டம் செல்லும் என்று உறுதிப்படுத்தியது. 1908-இல் கதவை மூடிய நீதிமன்றப் படியே 1957-இல் கதவைக் காத்து நின்றது. நீதிபதிகளின் கையிலிருந்த சட்டம் மாறியதால் தீர்ப்பும் மாறியது. அதைக் காண ஐயர் இல்லை. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-இல் அவர் மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்குகளில் கக்கன் மகன் நிலையில் நின்று பங்கு கொண்டார். அந்தக் கக்கனே 1957 முதல் பத்து ஆண்டுகள் நம் மாநில அமைச்சராக இருந்து, எளிமைக்கும் தூய்மைக்கும் பெயர் பெற்றார்.

கதை இங்கே முடிந்ததென்றால் மனம் மகிழும். ஆனால் மாணவர்களிடம் பாதி உண்மையைச் சொல்லுதல் தகாது. ஐயரைத் தேர்ந்தெடுத்த அதே மேலூர் வட்டாரத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரான முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் நாள் வேறு சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் அவ்வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டபின், 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் அமர முடியவில்லை. 2006-இல்தான் அந்நிலை மாறியது. சட்டம் இருந்தது, தண்டனையும் இருந்தது, மனம் மாறவில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். வக்கீல் தொழில் ஒருவருக்குச் சொல்லின் எடையைக் கற்பிக்கும். எதிர்த்தரப்பின் வாதத்தைப் பொறுமையாகக் கேட்கக் கற்பிக்கும். சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் காட்டும். அந்த எல்லைக்கு அப்பால் செய்ய வேண்டியதை அது கற்பிக்காது. அதை வைத்தியநாத ஐயர் சேரித் தெருக்களிலும் தம் வீட்டுப் பந்தியிலும் கற்றார். அவர் முதலில் மக்களிடம் சென்றார். பிறகு கோயிலுக்குச் சென்றார். அதன் பின்னரே சட்டசபைக்குச் சென்றார். இந்த வரிசையே அவர் வாழ்க்கை நமக்குக் கூறும் செய்தி என்று நான் கருதுகிறேன்.

உங்களில் சிலர் நாளை கறுப்பு அங்கி அணிவீர்கள். சிலர் சட்டசபையின் படிகளையும் ஏறுவீர்கள். ஒரு மசோதா உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் 'லாம்' என்று இருக்கிறதா, 'உரிமை உண்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சட்டத்தால் யாருக்காக எந்தக் கதவு திறக்கப்படுகிறது என்று கேளுங்கள். அவர்களுடைய தெருவுக்கு நீங்கள் ஒருமுறையேனும் போயிருக்கிறீர்களா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.